சூலியா ஸ்ட்ரீட்டில் உள்ளூர்ப் பயணிகள்

தோளில் பை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றுவது வெள்ளைக்காரர் வேலை என்றுதான் அப்போது எதிர்க்கரையிலுள்ள எங்களூர் சுங்கை பாக்காப்பில் எண்ணம். எங்களுக்குப் பினாங்கு என்றால் தைப்பூசம், தீபாவளித் துணி, இல்லாவிட்டால் பெரியாஸ்பத்திரி. காலையில் போய்ப் பொழுது சாயத் திரும்பிவிட வேண்டும். 1986 கடைசியில், ஐந்தாம் படிவப் பரீட்சை முடிந்த கையோடு, நாங்கள் நால்வர் தங்கிச் சுற்றக் கிளம்பினோம். தோட்டத்துப் பிள்ளைகள் மூவர். நான்காமவன் கடைவீதிச் சீனன், எங்களோடு பழகித் தமிழில் திட்டவும் கற்றிருந்தான். "காசு குடுத்துப் படுக்கணுமா? வீட்ல பாய் இல்லையா?" என்றார் அம்மா.

பினாங்குப் பாலம் திறந்து ஓராண்டாகியிருந்தது. ஆனால் எங்கள் பஸ் பட்டர்வொர்த் ஜெட்டியோடு நின்றுவிடும். அங்கிருந்து பெரிக் கப்பல்தான். கீழ்த்தட்டில் லாரிகள் உறுமும், மேலே மரப் பெஞ்சுகளில் நாங்கள். டீசல் புகையும் உப்புக் காற்றும் கலந்த அந்த வாடையை வேறெங்கும் நான் முகர்ந்ததில்லை. கட்டணம் தீவுக்குப் போகும்போது மட்டும்தான். திரும்பி வரக் காசு வேண்டாம். கையில் ஒன்றுமே இல்லாமல் போனாலும் கரை சேர்ந்துவிடலாம் என்ற தெம்பு அதிலிருந்து வந்தது.

பாங்காக்கிலிருந்து தரைவழியாக வந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் அன்று ஜார்ஜ் டவுன் சூலியா ஸ்ட்ரீட்டில்தான் குவிவார்கள். தாய்லாந்து விசா வாங்க ஆள், ஹாட்ஜாய்க்கு வேன், பழைய புத்தகக் கடை, மாடியில் மலிவு அறை, எல்லாம் அந்த ஒரே தெருவில். நாங்கள் நுழைந்த விடுதியில் சீனப் பெரியவர் எங்கள் அடையாள அட்டைகளைப் புரட்டிப் பார்த்தார். சுங்கை பாக்காப் என்றதும் சிரித்துவிட்டார். "கடைசி பஸ்ஸை விட்டுட்டீங்களா?" என்று மலாயில் கேட்டார். இல்லை, தங்கத்தான் வந்தோம் என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்.

அறைக்கு அறை பலகைத் தடுப்பு. அதுவும் கூரை வரை எட்டாது. பக்கத்து அறை ஜெர்மானியன் இருமியது முழுக்க எங்கள் காதில். விடியலில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் பாங்கோசை எழுப்பும். குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் பசியாறுவோம். மேல்மாடிகளில் மூங்கில் கழிகளில் துணி காயும். படிக்கட்டில் பாட்டி ஒருத்தி பேத்திக்குச் சடை பின்னுவாள். நாணயம் மாற்றும் ராவுத்தர் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் தமிழ்ப் பேப்பர் படிப்பார். இவற்றைப் பார்க்கவென்று நாங்கள் போகவில்லை. அன்றைக்கு எங்கள் கண்ணெல்லாம் புதிதாக எழும்பிய 65 மாடிக் கொம்தாரிலும், அதற்குள்ளிருந்த கடைகளின் குளிர்காற்றிலும்தான். கொடிமலைக்கும் போனோம். பழைய ரயிலில் பாதி வழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும். அந்த மாறுகிற நேரத்துக் குளிரைச் சொல்லி முடியாது. 2010இல் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது ஒரே மூச்சில் உச்சிக்குக் கொண்டுபோகிறது, பேச நேரமில்லை.

போருக்கு முந்திய கட்டடங்களுக்கு அன்று வாடகைக் கட்டுப்பாடு இருந்தது. தையற்காரரும் தட்டாரும் அந்த மாடிகளில் தலைமுறைகளாகத் தங்க முடிந்தது அதனால்தான். 2000 ஜனவரியோடு அது போயிற்று. வாடகை ஏறியதும் குடும்பங்கள் மூட்டை கட்டின. 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனுக்கும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி தந்தபோது, சுவர்கள் இருந்தன, குடியிருந்தவர்களில் பலர் இல்லை. 2012இல் லித்துவேனிய ஓவியர் ஒருவர் ஆர்மீனியன் ஸ்ட்ரீட் சுவரில் சைக்கிளோட்டும் இரண்டு பிள்ளைகளை வரைந்தார். அழகான படம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் முன் படமெடுக்க வரிசையில் நிற்கும் கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம், அந்தத் தெருவில் உண்மையாகவே சைக்கிள் ஓட்டிய பிள்ளைகள் எங்கே என்று கேட்கத் தோன்றுகிறது.

எங்கள் கரையிலும் அதே கதைதான். லயங்கள் போயின. பத்து காவானில் செம்பனையை வெட்டித் தொழிற்சாலைகளும் ஐகியாவும் வந்தன. 2014இல் திறந்த இரண்டாவது பாலம் அங்கிருந்து 24 கிலோமீட்டர் ஓடிப் பத்து மாவுங்கில் இறங்குகிறது. ஜார்ஜ் டவுனை எட்டிப் பார்க்காமலே சுங்கை பாக்காப் பிள்ளைகள் தீவுக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள். 2020 டிசம்பரோடு பழைய பெரிகளில் பயணிகள் ஏறுவதும் நின்றுபோயிற்று. நால்வரில் ஒருவன் சிங்கப்பூரில். சீன நண்பன் இப்போது இல்லை.

ஜார்ஜ் டவுன் கட்டடங்களின் சாயம், ஓடு, சன்னல் சட்டம் எல்லாவற்றுக்கும் இன்று விதியும் பதிவும் உண்டு. வாடகைக்கு இருந்தவர்களுக்கு இல்லை. சூலியா ஸ்ட்ரீட், கிங் ஸ்ட்ரீட், மார்க்கெட் ஸ்ட்ரீட் மாடிகளில் குடியிருந்த குடும்பமா நீங்கள்? கடை எண், செய்த தொழில், கொடுத்த வாடகை, கிளம்பிய ஆண்டு, இவ்வளவையாவது ஒரு நோட்டில் எழுதிப் பிள்ளைகளிடம் கொடுத்து வையுங்கள்.