இரண்டு பலகைகள்

ஒரு ஜனவரி மாதத்தில் மோதி பாக்கிலுள்ள எங்கள் இல்லத்துக்கு நாகாலாந்துக் குடும்பம் ஒன்றும், சைவ உணவு மட்டுமே உண்ணும் மூத்த தமிழ்ச் சகோதரி ஒருவரும் விருந்தினராய் வந்திருந்தனர்.

பிரெஞ்சுக்காரரின் 'ஷார்க்யூட்டரி' பலகையை அடுக்க என் மகள் விரும்பினாள். குளிர்பெட்டி இல்லாத நாட்களில் இறைச்சியை உப்பிட்டும் புகையூட்டியும் காத்த முறை அது. நமது உப்புக்கண்டமும், நாகர் அடுப்புக்கு மேலே தொங்கவிடும் பன்றியிறைச்சியும் அதற்கு உறவே. ஐ.என்.ஏ. சந்தையில் வாங்கிய சலாமி, காலிம்போங் சீஸ், திராட்சை, அக்ரூட், உலர்ந்த அத்திப்பழம் யாவையும் ஒரே பலகையில் அழகாய் அடுக்கினாள்.

சகோதரி ஒரு திராட்சையையும் தொடவில்லை. சலாமியின் கொழுப்பு பழங்களில் பட்டிருந்தது. பசியில்லை என்று கூறித் தேநீர் மட்டும் அருந்தினார். போஜனத்தினால் சகோதரனுக்கு இடறல் உண்டாக்கலாகாது என்னும் ரோமர் 14-ஆம் அதிகாரத்துக்கு வேதாகமக் கல்லூரியில் விளக்கம் எழுதித் தேறியவன் நான்! அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

இப்பொழுது இறைச்சிக்குத் தனிப் பலகை, தனிக் கத்தி. சீஸிலும் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட் சேர்வதுண்டு; ஆகையால் உறையில் பச்சைப் புள்ளியைப் பார்த்தே வாங்குகிறோம். டில்லிக் கோடையில் 32 பாகையைத் தாண்டினால், இறைச்சி ஒரு மணி நேரத்துக்குமேல் வெளியே இருப்பதில்லை.

மறுமுறை வந்தபோது, பழத்தட்டை முதலாவது சகோதரிக்கு முன்பாக வைத்தோம்.

"ஐயா, இந்த அத்திப்பழம் எங்கே வாங்கினீர்கள்?" என்றார்.