பள்ளத்தில் முளைத்த ‘வில்லேஜ்’!

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், பழைய புஷ் ஸ்டேடியத்தை 2005-ல் இடிக்க ஆரம்பித்தார்கள். மறு ஆண்டே பக்கத்தில் புது பேஸ்பால் மைதானம் தயார். பழைய இடத்தில் கடைகளும் வீடுகளும் வரும் என்ற வாக்குறுதிதான் பள்ளமாகவே கிடந்தது. மழை பெய்தால் குளம்! ஊரே கிண்டலடித்தது.

ஒருவழியாக 2014-ல் ‘பால்பார்க் வில்லேஜ்’ திறந்தது. முதலில் உணவகங்களும் மதுக்கூடங்களும்தான். 2020-ல் 29 மாடிக் குடியிருப்பும் வந்துவிட்டது. மைதானம் பார்த்த வீடென்றால், பால்கனியில் காபியோடு நின்றபடியே ஆட்டம் பார்க்கலாம். டிக்கெட் காசு மிச்சம், வாடகையைக் கேட்காதீர்கள்!

சொந்த ஊரில் கார்டினல்ஸ் அணிக்கு சீசனுக்கு 81 ஆட்டங்கள். அன்றெல்லாம் தெரு முழுக்கச் சிவப்புச் சட்டை. மற்ற நாட்களில் கடைக்காரர்கள் அந்த மாடிவாசிகளைத்தான் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள்.