பனிமலையிலிருந்து ஒரு வரி

எங்கள் பூதலூரில் பனி என்றால் மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை வயல்மேல் வெள்ளைத் துணி போர்த்தினாற்போல் இறங்குமே, அதுதான். எட்டு மணி வெயில் வந்தால் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். அதைத் தவிர வேறு பனி பார்த்தறியாத வீட்டிலிருந்து எங்கள் பெரிய மகள் 2023 ஜனவரிக் கடைசியில் காஷ்மீரில் உள்ள குல்மார்க்குக்குப் பனிச்சறுக்குப் பழகப் போனாள். பெங்களூரில் வேலை பார்க்கிறவள். உடன் வேலை பார்க்கும் கோயம்புத்தூர்ப் பெண்ணும் அவளுமாக இரண்டு வாரப் பயிற்சிக்குப் பணம் கட்டிவிட்டுத்தான் எங்களிடம் சொன்னார்கள்.

"வாய்க்கா வரப்புல வழுக்கி விழுந்து கையை ஒடிச்சுக்கிட்டவ, காசு குடுத்து வழுக்கக் கத்துக்கப் போறாளா!" என்றார் என் மாமியார்.

எனக்கு அவள் விழுவதைப் பற்றிப் பயமில்லை. எலும்பு முறிந்தால் கட்டுப் போட்டால் கூடிவிடும். "மலைமேல பல இடத்துல சிக்னல் வராதும்மா" என்று போகிற போக்கில் சொன்னாளே, அதுதான் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். என் சின்ன மாமனார் பட்டாளத்தில் இருந்தவர். எல்லையிலிருந்து அவர் போடும் இன்லேண்டு லெட்டர் வந்து சேரப் பத்து நாளும் ஆகும், பதினைந்து நாளும் ஆகும். அதுவரை வீட்டில் எல்லாரும் சாப்பிட்டார்கள், தூங்கினார்கள், நடவு நட்டார்கள். தந்திக்காரர் சைக்கிள் மணியைக் கேட்டால்தான் வயிற்றைக் கலக்கும். அந்தத் தந்தியும் 2013 ஜூலையோடு நின்றுபோனது. இப்போதோ கையில் போன். அனுப்பின சேதிக்குக் கால் மணி நேரம் பதில் வராவிட்டால், 'என்ன ஆச்சோ, ஏது ஆச்சோ' என்று மனம் காடு மேடெல்லாம் சுற்றி வந்துவிடுகிறது. உங்கள் வீட்டிலும் இதே கதைதானே?

பனிச்சரிவு என்ற வார்த்தையும் நமக்குப் புதிதில்லை. 2016 பிப்ரவரி 3-ம் தேதி சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் வீரர்கள் 10 பேர் பனியில் புதைந்தபோது தமிழ்நாடே டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்ததே! அவர்களில் நான்கு பேர் நம் மாநிலத்துப் பிள்ளைகள். ஆறு நாள் கழித்து உயிரோடு எடுக்கப்பட்ட ஹனுமந்தப்பாவும் டில்லி ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிவிட்டார். அந்த நினைப்பு எனக்கு வராமல் இருக்குமா?

பொங்கலுக்கு வந்திருந்தவளை உட்காரவைத்துக் கேட்டேன். "சினிமாவுல ஆகாசத்துல இருக்குற சாட்டிலைட்டோட பேசுற போன் காட்டுறாங்களே, அதுல ஒண்ணு வாங்கிக்கயேன்." அவள் சிரித்துவிட்டாள். நம் நாட்டில் சர்க்கார் அனுமதி இல்லாமல் அதைக் கையில் வைத்திருக்கக் கூடாதாம். தெரியாமல் கொண்டுவந்து போலீசில் மாட்டிக்கொண்ட வெளிநாட்டுக்காரர்கள் உண்டாம். சாதாரண போனிலிருந்தே சாட்டிலைட் வழியாக ஆபத்துச் சேதி அனுப்பும் வசதி அமெரிக்காவிலும் கனடாவிலும் 2022 நவம்பரில் வந்திருந்தது. ஆனால் அவள் போன சமயத்தில் இந்தியாவில் அது கிடையாது.

"அப்போ என்னதான் வழி?"

"பேப்பர், பேனா எடுத்துக்கிட்டு வா."

முதலில் சிம் கார்டு விஷயம். வெளிமாநிலத்து ப்ரீபெய்ட் சிம் காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட்தான் எடுக்கும் என்று விசாரித்து வைத்திருந்தாள். கிளம்புவதற்கு முன்பே மாற்றிக்கொண்டாள்.

பிறகு ஒரு முழுத்தாளில் மலையைப் படமாகப் போட்டாள். கீழே கிண்ணம் மாதிரி பள்ளம், அதைச் சுற்றி ஓட்டல்கள். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அங்கேதான் பாடம். ரோப் காரில் இரண்டு கட்டமாக ஏறிப் போனால் அஃபர்வாத் சிகரத்துப் பக்கம், ஏறக்குறைய 4,000 மீட்டர் உயரம். அது தேர்ந்தவர்களுக்கு. "நான் இங்கே, கீழேதான் இருப்பேன்" என்று பேனாவால் சுழித்துக் காட்டினாள்.

தினமும் ராத்திரி எட்டு மணிக்கு மேல் தங்குமிடத்திலிருந்து பேசுவாள். ஒரு ராத்திரி பேசாவிட்டால் மறுநாள் மத்தியானம் 12 மணி வரை நாங்கள் பொறுக்க வேண்டும். அதற்கு மேலும் சேதி இல்லையென்றால் யார் யாரைக் கூப்பிடுவது என்று வரிசையாக நம்பர்கள்: தோழியின் அம்மா, தங்குமிடம், பயிற்சி ஆபீஸ். காலையில் கிளம்பும்போது எந்தப் பக்கம் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று தங்குமிடத்தில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது அவள் பொறுப்பு. "டவர் இல்லேன்னாலும் 'நேரமாச்சே, ஆளைக் காணோமே'ன்னு தேடக் கிளம்புற மனுஷன் அவர்தாம்மா" என்றாள். காலண்டருக்குப் பக்கத்தில் அந்தத் தாளை ஒட்டிவைத்தேன்.

பிப்ரவரி 1-ம் தேதி. டெல்டா வாசகியருக்கு அந்த நாள் மறந்திருக்காது. அறுவடைக்கு நின்ற சம்பாவில் பருவம் தப்பிய மழை பிடித்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் மண்வெட்டியோடு வயலில் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தார். மழைச் சேதி பார்க்கலாமென்று டி.வி.யைப் போட்டால் ஒரே பட்ஜெட் பேச்சு. சாயங்காலம் அதற்குக் கீழே ஓடிய வரியில் 'குல்மார்க்கில் பனிச்சரிவு, வெளிநாட்டவர் இருவர் பலி.' மாமியார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டு அத்தாச்சி நனைந்துகொண்டே ஓடி வந்தார்.

போன் போட்டேன். 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்றது. தாளின் முன்னால் போய் நின்றேன். சரிவு நடந்தது அஃபர்வாத் பக்கம்; போலந்து நாட்டுக்காரர்கள் இருவர் இறந்திருக்கிறார்கள். என் பெண் சுழித்துக் காட்டிய இடம் கீழே. புத்தி இதைச் சொல்கிறது. கை நடுங்குவது நிற்கவில்லை.

ஓயாமல் கூப்பிடுவதை விட்டு ஒரே ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பினேன்: 'செய்தி பார்த்தோம். முடிந்தபோது ஒரு வரி போடு.' பேச முடியாத இடத்திலும் டவர் ஒரு நிமிஷம் தலைகாட்டினால் எஸ்.எம்.எஸ். போய்ச் சேர்ந்துவிடும். பிறகு கோயம்புத்தூர் அம்மாவைக் கூப்பிட்டேன். முன்பின் பார்த்ததில்லை, முதல் பேச்சே இப்படி. அவர்களுக்கும் சேதி இல்லை. யாருக்கு முதலில் தெரிந்தாலும் அடுத்தவருக்குச் சொல்வது என்று பேசிக்கொண்டோம்.

எட்டு மணி ஆயிற்று. கரண்ட் போயிற்று. வீட்டுக்காரர் சேறும் ஈரமுமாக வந்து நின்றார். "கதிரெல்லாம் படுத்துடுச்சு" என்றார். விஷயத்தைச் சொன்னேன். தாளை டார்ச் அடித்து இரண்டு தரம் படித்தார். "நாளைக்குப் பன்னெண்டு மணி வரைக்கும் கணக்கு இருக்கு" என்றார், எனக்கா தனக்கா தெரியவில்லை. தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது.

ஒன்பதே முக்காலுக்குப் போன் அடித்தது. கோயம்புத்தூர். "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களாமுங்க! அங்க கரண்டும் டவரும் போயிருச்சாம். தங்குற இடத்துக்காரர் போன்ல ஒரு வரி வந்துச்சுங்க." அந்த அம்மாவும் அழுதார், நானும் அழுதேன். மாமியார் இருட்டிலேயே விளக்கேற்றப் போனார்.

மகள் திரும்பி வந்தபின் சொன்ன இன்னொன்றுதான் என்னை ரொம்ப யோசிக்கவைத்தது. சரிவில் புதைந்தவரைச் சுமார் 15 நிமிஷத்துக்குள் தோண்டி எடுத்தால்தான் பிழைக்க வழி அதிகமாம். போனில் கூப்பிட்டு ஆள் வருவதற்குள் அந்த நேரம் ஓடிவிடும். அதனால் உயரத்துக்குப் போகிறவர்கள் ஒவ்வொருவரும் உடம்போடு ஒரு சின்னக் கருவி கட்டிக்கொள்கிறார்கள். புதைந்தவரின் கருவி சதா சமிக்ஞை விட, கூட வந்தவர் தன் கருவியால் இடம் கண்டுபிடித்து மண்வெட்டியால் தோண்டுவார். அதற்கு டவரும் வேண்டாம், சாட்டிலைட்டும் வேண்டாம். பக்கத்தில் ஆள்தான் வேண்டும்.

அவளுக்குச் சொல்லிக்கொடுத்த மற்ற விஷயங்கள் யாத்திரை போகிற நமக்கும் உதவும். குளிரில் போன் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். உள்சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைக்க வேண்டும். டவர் இல்லாத இடத்தில் போன் அதைத் தேடித் தேடியே தீர்ந்துபோகும். ஏரோபிளேன் மோடில் போட்டுவிடலாம். முக்கியமான நம்பர்களைக் காகிதத்திலும் எழுதிக்கொள்ளுங்கள். நம் கம்பெனி டவர் இல்லாவிட்டாலும் வேறு கம்பெனி டவர் இருந்தால் 112-க்கு அழைப்பு போகும். கழுத்தில் ஒரு விசில். ஒரு நிமிஷத்தில் ஆறு தரம் ஊதி, ஒரு நிமிஷம் நிறுத்தி, மறுபடி ஆறு தரம். மலையில் இது ஆபத்துக் குரல்.

போன மாதம் அத்தாச்சி கேதார்நாத் யாத்திரைக்குப் பேர் கொடுத்தார். "அந்த ஊதுறதையும் சேத்து எனக்கும் ஒரு தாள் எழுதிக் குடு" என்று வந்து உட்கார்ந்தார். கௌரிகுண்டத்திலிருந்து நடக்க வேண்டிய தூரம், தங்குகிற இடம், பேசுகிற நேரம், பொறுக்கவேண்டிய நேரம் எல்லாம் எழுதினேன். டூர் மானேஜர் நம்பரையும் எழுதினேன். அத்தாச்சி தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இவரு எங்க போனை எடுக்கப் போறாரு? கூட வர்ற சமையக்காரர் நம்பரை மேல எழுது" என்றார்.