ஐசன்ஹோவர் வரையாத கட்டம்

அன்றாட வேலைகளைப் பட்டியல் போட்டு வரிசைப்படுத்தக் கற்றுத்தரும் எந்த வகுப்பிலும் பலகையில் ஒரு சதுரம் வந்துவிடும். குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு, நான்கு கட்டங்கள். அவசரம், முக்கியம் இரண்டும் சேர்ந்தது ஒன்று. முக்கியம் மட்டும் உள்ளது ஒன்று. அவசரம் மட்டும் உள்ளது ஒன்று. இரண்டும் இல்லாதது கடைசி. தலைப்பு 'ஐசன்ஹோவர் மேட்ரிக்ஸ்'. நார்மண்டிப் படையிறக்கத்தை நடத்திய தளபதி, எட்டு வருடம் அமெரிக்க அதிபராக இருந்தவர், தன் வேலைகளை இப்படித்தான் பிரித்துக்கொண்டார் என்பார்கள். அலுவலக டைரியில் வெகுநாளாக இந்தக் கட்டத்தைப் போட்டுவரும் எனக்கு, அதை அவர் எப்போது, எதற்காக வரைந்தார் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

நேர நிர்வாகப் புத்தகங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. அவற்றை மூடிவைத்துவிட்டு மூலத்துக்குப் போனேன். அமெரிக்க அதிபர்களின் உரைகளை அந்நாட்டு அரசே ஆண்டுவாரியாகத் தொகுத்து வெளியிடுகிறது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகம் அவற்றை இணையத்தில் யாரும் படிக்கும்படி வைத்திருக்கிறது. 1954ஆம் ஆண்டின் உரைகளுக்குள் நான் தேடியது கிடைத்தது. ஆகஸ்ட் 19, சிகாகோவை ஒட்டிய எவன்ஸ்டன் நகரம், உலகத் திருச்சபைகள் மன்றத்தின் இரண்டாவது பேரவை. பல நாடுகளிலிருந்து வந்திருந்த திருச்சபையினர் முன்னால் ஐசன்ஹோவர் உலக அமைதியைப் பற்றியும் பிரார்த்தனையைப் பற்றியும் பேசுகிறார்.

பேச்சின் நடுவே முன்னாள் கல்லூரித் தலைவர் ஒருவர் சொன்னதாக ஒன்றைச் சொல்கிறார். அந்த மனிதருக்கு இரண்டு வகைப் பிரச்சினைகள்: அவசரமானவை, முக்கியமானவை. அவசரமானவை முக்கியமானவை அல்ல. முக்கியமானவை ஒருநாளும் அவசரமாக வருவதில்லை. இதுதான் இன்றைய மனிதனின் திண்டாட்டம் என்கிறார் ஐசன்ஹோவர். நீங்கள் இங்கே கூடியிருப்பது முக்கியமானதை எங்கள் கண்முன் வைக்க உதவும், அதற்குக் கொஞ்சம் அவசரத்தையும் ஊட்டக்கூடும் என்று சொல்லிவிட்டு மேலே போகிறார். இந்த விஷயத்தில் அந்த உரையில் இருப்பது இவ்வளவுதான். கட்டமோ, வேலைப் பட்டியலோ, ராணுவத்தில் கற்ற உத்தியோ அதில் இல்லை.

அந்தக் கல்லூரித் தலைவர் யார்? பெயரை அவர் சொல்லவில்லை. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத் தலைவர் ராஸ்கோ மில்லர்தான் என்று பலர் எழுதிவிட்டார்கள். மில்லர் அப்போது பதவியில் இருந்தவர், 'முன்னாள்' ஆகமாட்டார். அந்த முன்னாள் தலைவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது மில்லருக்கும் புரியும் என்றுதான் அதிபர் சொல்கிறார். ஐசன்ஹோவரே 1948 முதல் 1953 வரை கொலம்பியா பல்கலைக்கழகத் தலைவராக இருந்தவர் என்பதால், தன்னையே அப்படி மறைத்துச் சொன்னார் என்றும் ஒரு கருத்து உண்டு. 'அவர் அப்படிப் பேசியதன் காரணம் எனக்குப் புரிகிறது' என்று பக்கத்திலேயே சொல்பவர் வேறொருவரைத்தான் குறிக்கிறார் என்பது என் எண்ணம்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. அந்தக் கூற்றை அப்படியே நான்கு கட்டத்தில் பொருத்திப் பாருங்கள். அவசரமானது முக்கியமில்லை, முக்கியமானது அவசரமில்லை என்றால், இரண்டும் சேர்ந்த முதல் கட்டத்தில் எழுத எதுவுமே இருக்காது. பயிற்சி வகுப்புகள் முதலில் கைவைக்கச் சொல்வதோ அந்தக் கட்டத்தில்தான்! எவன்ஸ்டனில் பேசப்பட்டது இரண்டே குவியல்களைப் பற்றி. நான்கு கட்டம் அதற்குள்ளிருந்து தானாக முளைத்திருக்க முடியாது; பின்னால் வந்தவர்கள் போட்டது.

1967இல் சார்லஸ் ஹம்மல் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் அவசரத்தின் கொடுங்கோன்மை பற்றி ஒரு சிறு பிரசுரம் எழுதினார். அவசரம் முக்கியத்தை நெருக்கித் தள்ளிவிடும் என்று பஞ்சாலை மேலாளர் ஒருவர் தன்னை எச்சரித்ததை அதில் சொல்கிறார். கட்டத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது ஸ்டீபன் கோவி 1989இல் எழுதிய ஏழு பழக்கங்கள் பற்றிய புத்தகம். அவர் கண்ணெல்லாம் இரண்டாவது கட்டத்தின் மேல்: முக்கியம், ஆனால் அவசரமில்லை. எவன்ஸ்டன் பேச்சோடு ஒத்துப்போகும் இடமும் அதுதான்.

இதே தேடலில், நேர நிர்வாக வகுப்புகளில் சொல்லப்படும் ஐவி லீ என்ற ஆலோசகரின் கதையையும் பார்த்தேன். 1918இல் பெத்லஹேம் ஸ்டீல் தலைவர் சார்லஸ் ஷ்வாபிடம், நாளைய ஆறு வேலைகளை இன்றே வரிசையாக எழுதச் சொல்லி 25,000 டாலர் வாங்கினாராம் லீ. சிலர் சொல்லும்போது அது 35,000 ஆகிவிடுகிறது. ஆனால் 1916 முதலே நிறுவனத்தின் பிரசிடெண்ட் யூஜின் கிரேஸ். ஷ்வாப் இயக்குநர் குழுவின் தலைவர். 1918 ஏப்ரலில் ஷ்வாபை அரசு போர்க்காலக் கப்பல் கட்டும் பொறுப்புக்கு அழைத்துக்கொண்டது. ஆறு வேலை முறை நல்ல முறைதான். கதையை நான் நம்பவில்லை.

எவன்ஸ்டன் பேச்சு எனக்குத் தந்தது அந்தப் பத்தியின் கடைசி வார்த்தைகளை: முக்கியமானதற்குக் கொஞ்சம் அவசரம் ஊட்டுவது. என் தாளில் கரன்ட் பில் இருக்கிறது, கேஸ் புக்கிங் இருக்கிறது, அப்பா பெயரில் உள்ள வீட்டுப் பட்டாவை மாற்றுவதும் இருக்கிறது. பில்லுக்குக் கடைசித் தேதி உண்டு. தாண்டினால் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள். வாரிசுச் சான்றிதழ் கையில் இருந்தாலும் பட்டாவுக்கு யாரும் தேதி குறித்துத் தரமாட்டார்கள். நானே குறித்தேன்: வியாழக்கிழமை காலை பத்து மணி, இ-சேவை மையம். இப்போது முக்கியமான எந்த வேலையையும் கிழமையும் மணியும் இல்லாமல் நான் பட்டியலில் ஏற்றுவதில்லை.

பயிற்சி தருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டத்தைத் தாராளமாக வரையுங்கள், கோவியின் புத்தகத்தைச் சொல்லி வரையுங்கள். ஐசன்ஹோவர் பெயரைச் சொல்லத்தான் வேண்டுமென்றால் எவன்ஸ்டன் உரையின் அந்தப் பத்தியை முழுதாக வாசித்துக் காட்டுங்கள். காசில்லாமல் கிடைக்கிறது, வாசிக்க ஒரு நிமிடம் போதும்.