வாடை மழையில் அக்கரைப்பற்று வரை

கல்முனையில் பஸ் ஏறும்போதே தூறல். சாய்ந்தமருது தாண்ட, வாடைக்காற்று மழையைச் சாய்த்து ஜன்னலில் அடித்தது. காரைதீவுச் சந்தியில் பலருடைய கண்களும் அம்பாறை வீதிப் பக்கம் திரும்பின. 2024 நவம்பர் 26இல், நிந்தவூர் மத்ரசாவிலிருந்து சம்மாந்துறைக்கு வீடு திரும்பிய பிள்ளைகளின் உழவு இயந்திரத்தை மாவடிப்பள்ளியில் வெள்ளம் இழுத்துப்போனது அந்த வீதியில்தான். பக்கத்திலிருந்த காக்கா வாய்க்குள் ஏதோ ஓதினார்.

ஒலுவில் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும். துறைமுகத்துக்குக் கடலில் கல் அணை போட்டபின், வடக்கே போகவேண்டிய மணல் மறிபட்டு நிற்கிறது. அந்தப் பக்கத்துக் கரையும் தென்னைகளும் கடலுக்குள் போகின்றன. மறிபட்ட மணலோ துறைமுக வாயையே அடைக்கிறது. படகு போக வழியில்லை. (கப்பல் கதையை விடுங்கள்.) இதையெல்லாம் புயலின் தலையில் கட்ட முடியுமா?

அக்கரைப்பற்றில் இறங்க மஃரிப் ஆகிவிட்டது. திரும்பிப்போக பஸ் இல்லையாம். இன்றைக்கு மச்சான் வீட்டில்தான் சாப்பாடும் படுக்கையும்.