தாங்கியின் நோய்

திருவண்ணாமலையில் கார்த்திகைப் பெருவிழாவின் ஏழாம் நாளன்று ஐந்து தேர்கள் மாட வீதிகளில் ஒன்றன்பின் ஒன்றாக உலா வரும். காண்போர் கண்கள் கலசத்தை நோக்கும். தேரைச் செப்பனிடும் தச்சரும் கொல்லரும் நோக்குவன அச்சும் சக்கரக் குடமுமே ஆகும். அங்கே மசகு வறண்டால் இரும்பை இரும்பே தின்னும்.

தேரின் அச்சு ஆண்டில் சில நாழிகையே உழைப்பது. எஃகாலையின் அச்சுகளோ இரவு பகலாகச் சுழல்வன. சுழலும் அச்சைச் சுமப்பது தாங்கி. இரு வளையங்களுக்கு நடுவே உருளைகளை அடைத்து உராய்வைக் குறைப்பது. தொழிலாளர் அதனைப் பேரிங் என்பர். எஃகைத் தகடாக உருட்டும் சேலம் உருக்காலையில், இருபது உருளைகள் கொண்ட செண்ட்சிமிர் உருட்டெந்திரம் உண்டு. அதன் புறத்தே நின்று பாரம் சுமப்பவை தாங்கிகளே. அவற்றில் ஒரு சிறு வடு நேர்ந்தாலும் பளபளக்கும் தகட்டில் அது பதிந்துவிடக்கூடும்.

தகடு கெட்டால் பொருள் நட்டம், அவ்வளவே. உருக்குக்கூடத்திலோ ஏறத்தாழ 1,600 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள எஃகுக் குழம்பு, பெருங்கொப்பரையில் பாரந்தூக்கியிலிருந்து தொங்கும். அதன் கப்பியிலுள்ள தாங்கி இறுகினால் கீழே பணிபுரிவோர் உயிருக்கே இடர் நேரும்.

அளவிறந்த பாரத்தால் அச்சு முறிவதை வள்ளுவர் மயிற்பீலி வண்டியைக் கொண்டு விளக்கினார். ஆலைத் தாங்கிகளுள் பாரத்தால் மாள்வன சிலவே. தூசும் நீரும் உட்புகுவதாலும், மசகு குறைவதாலும், பொருத்துவோரின் அவசரத்தாலும் மாள்வனவே பல. ஆதலின், கெட்ட தாங்கியைக் கழற்றியவுடன் கழுவிவிடுதல் கூடாது; ஒட்டியிருக்கும் மசகும் ஒரு சாட்சியன்றோ! வளையம் நீலம் பாரித்திருந்தால் மசகின்றி வெந்தது என்று அறியலாம். தேய்ந்த தடம் சாய்ந்திருந்தால் அச்சு நேர்கோட்டில் நிற்கவில்லை. உழவுச்சால் போன்ற இணைவரிகள் மின்சாரம் ஊடே பாய்ந்ததைக் காட்டும். உருளைகளின் இடைவெளிக்கு ஒத்த குழிகள் இருப்பின், பொருத்தும்போது சுத்தியல் விளையாடியிருக்கலாம். இவற்றைப் பாராமல் புதியதை மாட்டுவோர், பழைய நோயைப் புதிய தாங்கிக்கும் வழங்குகின்றனர்.

பெரிய தாங்கியை அடித்து ஏற்றாமல், அளவாகச் சூடேற்றி விரியச்செய்து அச்சில் ஏற்றுவதே முறை. மசகு மிகுந்தாலும் தீங்கே. உருளைகள் அதைக் கடைந்து கடைந்து சூடேறும். இஃது அறியாமல், நிறைய அப்பினால் நலம் என்று எண்ணுவோர் இன்றும் உளர்.

தேர்ந்த தொழிலாளர் இரும்புக் கோலின் ஒரு முனையைத் தாங்கியின் கூட்டில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்பர். இக்காலத்தில் அதிர்வையும் வெப்பத்தையும் கருவிகள் அளந்து காட்டுகின்றன. நேற்று 60 பாகை காட்டிய தாங்கி, பாரமும் வேகமும் மாறாதிருக்க இன்று 75 காட்டினால், அது கெடும்வரை காத்திராமல், எந்திரத்தை நிறுத்திப் பார்க்க வேண்டிய வேளையை அன்றே குறித்துவிடுகின்றனர்.