இரத்தினபுரியில் சித்திரை

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக ஏறத்தாழ 100 கிலோமீற்றர் போனால் இரத்தினபுரி வரும். மாணிக்கக் கல்லுக்குப் பேர்போன ஊர். சுற்றியுள்ள மலைகளில் தேயிலையும் இறப்பரும். வன்னியில் வாழும் நம்மில் பலருடைய குடும்பங்கள் இந்தச் சப்பிரகமுவத் தோட்டங்களிலிருந்து வந்தவைதான். 1977இலும் 1981 ஆகஸ்ட்டிலும் நடந்த வன்செயல்களுக்குப் பிறகு லயங்களை விட்டு வந்து, காடு வெட்டிக் குடியேறினார்கள். என் அம்மாவும் அப்படி வந்தவர். அம்மாவின் அக்கா அங்கேயே தங்கிவிட்டார். அந்தப் பெரியம்மாவுடன் வருடப் பிறப்பைக் கழிக்கக் கடந்த சித்திரையில் போனேன்.

அது இறப்பர் மரங்கள் இலை உதிர்த்துப் புதுத் துளிர் விட்டிருக்கும் காலம். பின்னேரங்களில் இடியுடன் மழை கொட்டும். மரம் நனைந்தால் பால்வெட்டு இல்லை. பெருநாள் செலவுக்குக் காசு தேவைப்படும் நேரத்தில் மழையும் வந்து கையைக் கட்டிவிடும்.

இங்கே தோட்டத்தைச் சுற்றிச் சிங்களக் கிராமங்கள். சூரியன் மீன ராசியிலிருந்து மேட ராசிக்குப் போவதுதான் இரு சாராருக்கும் வருடப் பிறப்பு. கணிப்பில் மட்டும் சிறு வேறுபாடு உண்டு. சிங்களவருக்குப் புண்ணிய காலம் 12 மணி 48 நிமிடம். நமது பஞ்சாங்கப்படி வருடம் பிறப்பதற்கு முன் 4 மணித்தியாலம், பின் 4 மணித்தியாலம்.

சிங்கள வீடுகளில் அந்த நேரத்தை 'நோனகதே' என்கிறார்கள். புண்ணிய காலத்தின் முற்பாதியில் அடுப்பு எரியாது, வேலை எதுவும் நடக்காது. பெண்களுக்கு ஓய்வுதான். ஆனால் அதற்கு முன் பல நாட்கள் கொக்கிஸும் கெவுமும் சுட்டு எண்ணெய்ச் சட்டியருகே நின்றவர்களும் அவர்களே. பிறகு சுபநேரத்தில் அடுப்பு மூட்டிப் பால் பொங்க வைத்து, பாற்சோறு சமைத்து, வெற்றிலையில் காசு வைத்துக் கொடுத்து வாங்குகிறார்கள். நமது கைவிசேஷம் போலத்தான். தலையில் எண்ணெய் வைப்பதற்கும் வேலைக்குப் புறப்படுவதற்கும் தனித்தனி நேரம் உண்டு.

லயத்தில் ஆரவாரம் குறைவு. தோட்டத்தில் தீபாவளியும் மாரியம்மன் திருவிழாவும்தான் பெரியவை. என்றாலும் காலையில் மருத்துநீர் வைத்து முழுகி, பொங்கிப் படைத்து, கோயிலுக்குப் போனோம். பெரியம்மா முறுக்கும் பயற்றம் பணியாரமும் சுட்டிருந்தார்.

மத்தியானம் கிராமத்து வீட்டிலிருந்து துணி மூடிய தட்டொன்று வந்தது. கெவும், கொக்கிஸ், வாழைப்பழம். தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று பெரியம்மா நமது பலகாரத்தை நிறைய வைத்தார்.

"81இல் வந்தவங்க எல்லாம் வெளியாளுங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல புள்ள. நாங்க பலகாரம் குடுத்த வீட்டுப் பொடியனுங்களும் இருந்தானுங்க" என்றார். "அதுக்கப்புறம் ரெண்டு வருசம் நான் தட்டு அனுப்பல. பொறகு அந்தப் பொடியனோட அம்மாவே வெறுங்கையோட வந்து வாசல்ல நின்னுச்சு. ஒண்ணும் பேசல, அழுதுச்சு. அடுத்த சித்திரைக்கு நாந்தான் மொதல்ல அனுப்புனேன்."

"மறந்துட்டீங்களா பெரியம்மா?"

"மறக்கிறதா? தட்டு போறது நின்னா பேச்சும் நின்னுரும். பேச்சு நின்னாத்தான் எனக்குப் பயம்."

மன்னிப்பு என்ற சொல்லை அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நம்மிடம் அதைக் கேட்டு வருகிறவர்கள் பலர். மறக்காமலும் அயலாரோடு வாழலாம் என்பதைப் பெரியம்மாவிடம் கண்டேன். முதலில் வாசலுக்கு வந்து நின்றவள் அந்தத் தாய் என்பதையும் நான் குறித்துக்கொண்டேன்.